அவன் யார்? அது எது?

ஆங்கிலம் ஓரளவு கற்ற ஒருவர், கையில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலச் செய்தித்தாளைப் படிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் திகைக்க வைப்பவை நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொல்லுக்கு அகராதியில் இடம் உண்டு. தேடினால் பொருள் கிடைத்துவிடும். அவரை இடறிவிடுபவை சின்னஞ்சிறு சொற்களே. ‘ஹீ’, ‘ஹிம்’, ‘இட்’, ‘தே’ என்னும் சுட்டுப்பெயர்கள்; ‘லெட்’, ‘ஹேவ்’, ‘டேக்’, ‘கிவ்’ என்னும் எளிய வினைகள். தொடக்கப் பள்ளி மாணவனும் அறிந்த இச்சொற்கள் இரண்டும் மூன்றுமாகக் கூடி மரபுத்தொடர் ஆகிவிட்டால், ஒவ்வொன்றின் பொருளையும் தனித்தனியே அறிந்தவருக்கும் மொத்தத்தின் பொருள் பிடிபடுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்த எனக்கு இது நன்கு தெரியும். கடினமான சொல்லுக்குப் பொருள் கேட்டு வந்த மாணவர் சிலர், “ஐயா, இங்கே ‘இட்’ என்பது எது?” என்று கேட்டு வந்தவர் பலர். பின்னவர்களே நல்ல மாணவர்கள் என்பது என் கருத்து.

சுட்டுப்பெயரைப் பற்றி நம் முன்னோர் கவலைப்படாமல் இல்லை. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமிடத்தில் இயற்பெயரை முன்னே சொல்லிச் சுட்டுப்பெயரைப் பின்னே சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்த விதி. முருகன் வந்தான், அவனுக்கு இலை போடுங்கள் என்பது முறை. அவன் வந்தான், முருகனுக்கு இலை போடுங்கள் என்றால் வந்தவன் ஒருவன், உண்பவன் மற்றொருவன் ஆகிவிடுவான். செய்யுளில் மட்டும் சுட்டு முன்னே வரலாம் என்று அவரே விலக்கும் அளித்தார். ஆங்கிலப் பத்திரிகையாளர்களோ இந்தச் செய்யுள் விலக்கை உரைநடைக்கு எடுத்துக்கொண்டவர்கள். ‘அவருக்கு வயது தொண்ணூறு, நேற்றும் அவர் தோட்டத்தில் வேலை செய்தார்’ என்று தொடங்கி, மூன்றாம் வாக்கியத்தில்தான் பெயரைச் சொல்வார்கள். படிப்பவரின் ஆவலைத் தூண்டும் உத்தி அது. தோட்டக்காரரைப் பற்றிய செய்தியில் அதனால் கேடில்லை. ஒருவன் சுட்டான், ஒருவர் இறந்தார், ஒருவன் பிடிபட்டான் என்னும் செய்தியிலோ ‘அவன்’ யார் என்பதே செய்தி.

மரபுத்தொடரின் தொல்லை வேறு வகைப்பட்டது. அயல்நாட்டாராகிய நாம்தான் ஆங்கில மரபுத்தொடரில் தடுமாறுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஒருவரையொருவர் தவறாக விளங்கிக்கொண்டதுண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வாஷிங்டன் நகரில் பிரிட்டிஷ் படைத்தலைவர்களும் அமெரிக்கப் படைத்தலைவர்களும் கூடிப் போர்த்திட்டம் வகுத்தார்கள். அப்போது பிரிட்டிஷார் ஒரு குறிப்பை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றனர். அமெரிக்கர் கூடவே கூடாது என்றனர். நெடுநேரம் காரசாரமான வாக்குவாதம் நடந்தது. பிரிட்டிஷ் வழக்கில் ‘டேபிள்’ செய்தல் என்பது உடனே விவாதத்துக்குக் கொண்டுவருதல். அமெரிக்க வழக்கில் விவாதத்தை ஒத்திப்போடுதல். இரு தரப்பாரும் ஒரே கருத்தினராயிருந்தும் சண்டையிட்டனர் என்று சர்ச்சில் தமது போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் சட்டமன்றங்களில் அறிக்கைகளை மேசைமீது வைப்பது பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றியதாகும்.

அது நகைப்போடு முடிந்தது. அடுத்தது அவ்வாறு முடியவில்லை. 1951 ஏப்ரலில், கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படை பன்மடங்கு வலிமையோடு சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி ஒருவர் கேட்டபோது, பிரிகேடியர் பிராடி, ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று விடையளித்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘சிறிது பிசுபிசுப்பாக இருக்கிறது’. ஆங்கிலேயர் வழக்கில், அதிலும் படைவீரர் வாயில், இத்தகைய அடக்கப் பேச்சுக்கு ‘மிகப் பெரும் ஆபத்தில் இருக்கிறோம்’ என்று பொருள். அமெரிக்கத் தளபதியோ, சிறிது சங்கடம், சமாளித்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டார் என அப்போரைப் பற்றி எழுதியோர் கூறுகின்றனர். குன்றின்மேல் நின்ற கிளஸ்டர்ஷயர் படையினர் ஏறத்தாழ அறுநூற்றைம்பது பேரில் தப்பி வந்தவர் சில பத்துப் பேரே. மற்றவரில் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். படையின் அழிவுக்கு அந்த ஒரு தொடரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். போரில் காரணங்கள் பல இருக்கும். ஆயினும் உதவி வேண்டிய நேரத்தில் வந்த சொல், உதவி வேண்டாம் என்று கேட்டது.

நேயர்களே, நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த ஆண்டில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி. நான்கு சிறு சொற்களும் ஒரு பெயரும் கொண்ட ஒரு தொடர், அதில் இரண்டு சுட்டுப்பெயர்கள். அவற்றைச் சுற்றி இங்கிலாந்து நாற்பத்தைந்து ஆண்டுக் காலம் வாதிட்டது.

1952ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணியளவில், லண்டனுக்குத் தெற்கேயுள்ள குராய்டனில் மிட்டாய்ப் பண்டகசாலை ஒன்றின் கூரைமீது இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவன் கிறிஸ்டபர் கிரெய்க், வயது பதினாறு; அவனிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. மற்றவன் டெரெக் பென்ட்லி, வயது பத்தொன்பது. எழுதப் படிக்க அறியாதவன். அவனுடைய அறிவு வளர்ச்சி பதினொரு வயதுச் சிறுவனுடையதை ஒத்தது என்று கணிக்கப்பட்டிருந்தது. அவனிடம் துப்பாக்கி இல்லை. விரல்களில் மாட்டிக்கொண்டு குத்தும் இரும்பு வளையக் கருவி ஒன்று இருந்தது. அதையும் அவன் பயன்படுத்தவில்லை. எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி அவர்கள் ஏறுவதைக் கண்டாள். போலீஸாருக்குச் செய்தி பறந்தது.

முதலில் மழைநீர்க் குழாயைப் பற்றி மேலே ஏறியவர் துப்பறியும் கான்ஸ்டபிள் ஃபேர்ஃபாக்ஸ். அவர் பென்ட்லியைப் பிடித்தார். அதன் பின் நடந்ததைப் போலீஸார் நீதிமன்றத்தில் கூறியது இது: பென்ட்லி திமிறி விடுபட்டான், ‘லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்’ என்று கத்தினான், கிரெய்க் சுட்டான், குண்டு ஃபேர்ஃபாக்ஸின் தோளை உராய்ந்து சென்றது. காயத்தோடும் அவர் பென்ட்லியை மீண்டும் பிடித்துக்கொண்டார். அவரது துணிவை எவரும் மறுக்க இயலாது. அதற்காக ஜார்ஜ் சிலுவை விருதும் பெற்றார். அதற்குப் பிறகு பென்ட்லி ஓட முயலவில்லை. ஏறத்தாழ ஒரு கால்மணி நேரம் சென்ற பின்னர், உட்படி வழியாகக் கூரைக்கு வந்த கான்ஸ்டபிள் சிட்னி மைல்ஸ் என்பவர் கதவைத் திறந்து வெளிப்பட்டார். கிரெய்க்கின் குண்டு அவர் நெற்றியில் பாய்ந்தது; அங்கேயே உயிர் துறந்தார். குண்டுகள் தீர்ந்ததும் கிரெய்க் கூரையிலிருந்து குதித்து முதுகெலும்பு முறிந்து பிடிபட்டான்.

சுட்டவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. ஆகவே, சட்டப்படி அவனைத் தூக்கிலிட இயலாது. சுடாதவனுக்குப் பத்தொன்பது வயது. இருவர் ஒரே நோக்கத்தோடு ஒரு குற்றத்தில் இறங்கினால் ஒருவர் செய்கை மற்றவருடைய செய்கையும் ஆகும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. பென்ட்லியும் அந்தக் கொலைக்கு உடந்தை என்று காட்ட அரசுத் தரப்பாரிடம் இருந்த மிகக் கூரிய சான்று அந்த ஐந்து சொற்கள். மூன்று போலீஸார் தாம் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். பென்ட்லியும் கிரெய்க்கும் அப்படி ஒரு சொல் சொல்லப்படவே இல்லை என்று மறுத்தார்கள்.

இனி அத்தொடரை இலக்கண ஆசிரியன் கண்கொண்டு பார்ப்போம். ‘ஹிம்’ என்பது ஃபேர்ஃபாக்ஸ், அதில் ஐயமில்லை. ‘இட்’ என்பது எது? நேரான பொருள் கொண்டால், கிரெய்க்கின் கையிலிருக்கும் துப்பாக்கி. ‘அவரிடம் அதைக் கொடுத்துவிடு’ என்று, அகப்பட்டுக்கொண்ட ஒருவன் தோழனைச் சரணடையச் சொல்வதாக ஆகும். மரபுப் பொருள் கொண்டால் ‘இட்’ என்பது எந்தப் பொருளையும் சுட்டாது. அடி, உதை, வசை, குண்டு ஆகிய எதுவாயினும் அவனுக்குக் கிடைக்கட்டும், ‘போடு ஒரு போடு’ என்பதாகும். ஆங்கிலத்தில் இவ்வாறு எதையும் சுட்டாத ‘இட்’ மிகப் பல. ‘இட் ரெய்ன்ஸ்’ என்பதில் மழை பெய்யும் ‘அது’ எது என்று கேட்டால் ஆங்கிலேயரும் விடை சொல்லார். வானிலைச் செய்தியில் அந்த வெறும் ‘அது’ யாருக்கும் தீங்கு செய்வதில்லை. குராய்டன் கூரைமேலோ, ‘அது’ துப்பாக்கியைச் சுட்டினால் சமாதானம். ஒன்றையும் சுட்டாவிட்டால் கொலைக்குத் தூண்டுதல்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. போலீஸார் எழுதி எடுத்த வாக்குமூலத்தின்படி, கிரெய்க் சுடும்வரை அவனிடம் துப்பாக்கி இருந்தது தனக்குத் தெரியாது என்று பென்ட்லி கூறியிருந்தான். ‘அதைக் கொடுத்துவிடு’ என்றுதான் சொன்னான் என்று வைத்துக்கொண்டால், துப்பாக்கி இருப்பதைச் சுடுமுன்பே அறிந்திருந்தான் என்றாகிவிடும். நல்ல பொருளும் அவன் கழுத்தையே நோக்கி வந்தது. மேலும், சொல்லவே இல்லை என்று மறுப்பவன், சொன்னதற்குப் பொருள் வேறு என்று வாதிடுவதும் எளிதன்று.

இச்செய்தியைத் தமிழில் தர வேண்டிய ஒரு பத்திரிகையாளரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மேசைமீது அந்த ஆங்கிலத் தொடர் கிடக்கிறது. நம் மொழியிலும் ‘கொடு’ என்னும் வினைக்கு இந்த இருமுகம் உண்டு. ‘அவனுக்கு நன்றாகக் கொடு’ என்றால் யாரும் பணத்தை எடுத்து நீட்டமாட்டார்கள். அடி வாங்கியவனை ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்கிறோம். வாங்கியது இன்னதென்று சொல்வதில்லை. ஆனால் தமிழில் மரபுப் பொருள் வேண்டுமானால் ‘அதை’ என்னும் சொல் நிற்கக்கூடாது. ‘அதை’ என்று எழுதிய அக்கணமே கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் வந்துவிடுகிறது. ஆங்கிலம் ‘இட்’ என்று இரண்டையும் ஒரு போர்வைக்குள் வைத்துவிட்டது. தமிழ் அந்தப் போர்வையை விலக்கிவிடும்.

வேற்றுமை உருபும் அவ்வாறே. ‘அவரிடம் கொடு’ என்பதும் ‘அவனுக்குக் கொடு’ என்பதும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஹிம்’ என்பதற்கு ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா? ஆங்கிலத்தில் போலீஸ் அதிகாரிக்கும் திருடனுக்கும் ஒரே ‘ஹிம்’. தமிழில் எழுதுகிறவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘அவரிடம் அதைக் கொடுத்துவிடு, கிறிஸ்’ என்று எழுதினால் அச்சமும் பணிவும் கொண்ட ஒரு பையன் நம் கண்முன் நிற்பான். ‘அவனுக்குக் கொடுடா, கிறிஸ்’ என்று எழுதினால் நிற்பவன் ஒரு கொலைக் கூட்டாளி. ஜூரிகள் பன்னிருவர் எதை முடிவு செய்ய அமர்ந்தார்களோ, அதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு ரகர மெய்யாலும் ஒரு னகர மெய்யாலும் முடிவு செய்துவிடுவார். நேர்மையான மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் அத்தொடரை ஆங்கில ஒலியிலேயே தந்து, இரு பொருளையும் விளக்குவதுதான் வழி. பத்திரிகையில் இடம் போதவில்லை என்பார்கள். இடம் பிடிக்கத் தகுந்த செய்தி இதுவல்லவா?

நம் நாளிதழ்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘அவன்’ என்றும், புகார் கொடுத்தவரை ‘அவர்’ என்றும் எழுதும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆங்கிலச் செய்தியில் நான்கைந்து ‘ஹீ’க்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடத்தில் இப்பழக்கம் தெளிவைத் தருகிறது என்பது உண்மையே. ஆனால் தீர்ப்புக்கு முன்னரே தீர்ப்பையும் தந்துவிடுகிறது. இவ்வுரையில் பென்ட்லியை நான் ‘அவன்’ என்று குறிப்பது அவன் வயது பற்றியே, குற்றம் பற்றியன்று.

கூரைமேல் கிரெய்க் கத்தியதாகச் சாட்சிகள் கூறிய மற்றொரு தொடரையும் காண்போம். ‘என் அண்ணனுக்கு நீங்கள் இப்போதுதான் பன்னிரண்டு ஆண்டு கொடுத்தீர்கள்’ என்னும் கருத்துடையது அது. அவன் தமையன் சில நாட்களுக்கு முன்புதான் ஆயுதக் கொள்ளை வழக்கில் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்தான். கொடுத்தவர் நீதிபதி, கூரைமேல் நின்றவர்களோ குராய்டன் காவலர்கள். ‘யூ’ என்ற அந்தச் சொல் எதிரே நின்ற எவரையும் சுட்டவில்லை. சீருடை, சட்டம், நீதிமன்றம் அனைத்தையும் ஒருமிக்கச் சுட்டியது. மைல்ஸ் என்ற மனிதர் அந்த ‘யூ’வுக்குள் அகப்பட்டு உயிரிழந்தார். பென்ட்லியின் கதையைப் பேசுவோர் பலர் மைல்ஸை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர், அது முறையன்று.

வழக்கு டிசம்பர் 9ஆம் நாள் தொடங்கி 11ஆம் நாள் முடிந்தது. தலைமை நீதிபதி காடர்ட் பிரபு விசாரித்தார். ஜூரிகள் எழுபத்தைந்து நிமிடம் கலந்து பேசி, இருவரும் குற்றவாளிகள் என்றனர். பென்ட்லிக்குக் கருணை காட்டுமாறு பரிந்துரையும் செய்தனர். கிரெய்க்கை ‘அட் ஹெர் மெஜஸ்டீஸ் பிளெஷர்’ சிறைவைக்கத் தீர்ப்பாயிற்று. ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் இத்தொடரைக் கண்டு மருள்வர். ‘பிளெஷர்’ என்றால் மகிழ்ச்சி. ஒரு சிறுவன் சிறையில் கிடப்பதில் மகாராணிக்கு என்ன மகிழ்ச்சி? இங்கே ‘பிளெஷர்’ என்பது திருவுள்ளம். கால வரையறை இல்லை, அரசு விடுவிக்கும்வரை சிறை என்பது பொருள். நம் அரசமைப்புச் சட்டத்திலும் ஆளுநர் குடியரசுத் தலைவரின் ‘பிளெஷர்’ உள்ளவரை பதவி வகிப்பார் என்று இதே சொல் வருகிறது. கிரெய்க் பத்தாண்டுக்குப் பின் 1963இல் விடுதலையானான்.

பென்ட்லியின் மேல்முறையீடு 1953 ஜனவரி 13ஆம் நாள் தள்ளப்பட்டது. கருணை மனு உள்துறை அமைச்சர் மாக்ஸ்வெல் ஃபைஃப் முன் சென்றது. நாடாளுமன்ற உறுப்பினர் இருநூறு பேர் அளவில் கையெழுத்திட்டு வேண்டினர். சட்டத்தின் முறையான போக்கில் தலையிடக் காரணம் இல்லை என்பது, அக்காலத்தில் கருணை மறுக்கப்படும்போது வழங்கிய வாசகம். படிப்பவர்க்கு ஏதோ ஒரு கோப்பு அடுத்த அலுவலகத்துக்குப் போகிறது என்றே தோன்றும். அதன் பொருள், குறித்த நாளில் தூக்கு. ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று நம் மேடைகளில் முழங்குகிறார்களே, அதுவும் இத்தகைய தொடர்தான். செய்கிறவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. 1953 ஜனவரி 28ஆம் நாள் காலை, வாண்ட்ஸ்வர்த் சிறையில் பென்ட்லி தூக்கிலிடப்பட்டான். அதற்காக முந்திய நாள் அவையில் குரல் எழுப்பி, விவாதத்துக்கு அனுமதி கிடைக்காமற்போன சிட்னி சில்வர்மன் என்ற உறுப்பினரே, 1965இல் கொலைக்குத் தூக்குத் தண்டனையை ஒழித்த சட்டத்தைக் கொண்டுவந்தவர்.

வழக்கைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இரண்டு செய்திகளை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, 1940இல் டர்ஹாம் பகுதியில் ஒரு கான்ஸ்டபிள் கொல்லப்பட்ட வழக்கு. அதிலும் இரண்டு திருடர்கள், அதிலும் ஒருவன் மற்றவனைப் பார்த்து ‘லெட் ஹிம் ஹேவ் இட்’ என்று கூறியதாகவே சாட்சியம், இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தொடர் மற்றொரு வழக்கில் தோன்றியது தற்செயலா, அல்லது சட்ட ஏடுகளிலிருந்து நினைவில் எழுந்ததா என்ற வினா பிறந்தது. மரபுத்தொடர் எல்லார் வாயிலும் வழங்குவது. ஆகையால் தற்செயல் என்றும் சொல்லலாம். எல்லார் வாயிலும் வழங்குவதாலேயே எவர் வாயிலும் எளிதாக வைத்துவிடலாம் என்றும் சொல்லலாம்.

மற்றொன்று மொழியியலார் கண்டது. அதை நான் மிகவும் சுவைத்துப் படித்தேன். பென்ட்லியின் வாக்குமூலம் 582 சொற்கள் கொண்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை, அவன் தானாகச் சொல்லச் சொல்ல எழுதினோம் என்பது போலீஸார் கூற்று. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் மால்கம் கூல்தார்ட், அந்த வாக்குமூலத்தை எடுத்துச் சொல் சொல்லாக எண்ணினார். ‘தென்’ என்னும் சொல், அதாவது ‘பிறகு’ என்பது, பத்து முறை வந்திருந்தது. சாதாரண மக்களின் பேச்சில் அது அவ்வளவு அடர்ந்து வருவதில்லை. அதைவிட வியப்பானது அதன் இடம். பேசுகிற மனிதன் ‘தென் ஐ’ என்பான்: ‘அப்புறம் நான்’. வாக்குமூலத்திலோ ‘ஐ தென்’ என்று தன்மைப் பெயர் முன்னே நின்றது: ‘நான் அதன் பின்னர்’. இது போலீஸார் எழுதும் நடை. ‘நான் அதன் பின்னர் மேற்படி இடத்துக்குச் சென்றேன்’ என்று நம் ஊரிலும் காவல் நிலையத்துக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. மேலும், ‘எனக்குத் தெரியாது’, ‘நான் செய்யவில்லை’ என்னும் எதிர்மறைகள் கேளாமலே ஏன் வந்தன? யாரோ கேட்டிருக்க வேண்டும். கேள்வி மறைந்து விடை மட்டும் தாளில் நின்றிருக்க வேண்டும். எழுத்தறியாத இளைஞனின் ‘நான்’ என்னும் சொல்லுக்குள் வேறொருவர் கை இருந்தது என்பது கூல்தார்டின் முடிவு. மாணவர் கட்டுரையில் அண்ணன் எழுதிக் கொடுத்த பத்தியை எந்த ஆசிரியரும் கண்டுபிடித்துவிடுவார். அதே கலைதான் இது, எண்ணிக்கையோடு.

பென்ட்லியின் குடும்பத்தார் ஓய்வில்லாமல் போராடினர். அவன் தமக்கை ஐரிஸ் பென்ட்லி தம் வாழ்நாளையே அதற்குச் செலவிட்டார். 1993 ஜூலையில் அரச மன்னிப்பு வந்தது. ‘பார்டன்’ என்று தலைப்பிட்ட செய்தியைப் படித்தவர்கள், பென்ட்லி குற்றமற்றவன் என்று அறிவிக்கப்பட்டதாக மகிழ்ந்திருக்கக்கூடும். உண்மை வேறு. அவனைத் தூக்கிலிட்டிருக்கக் கூடாது என்பதே அந்த மன்னிப்பு; குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. மன்னிப்பு என்ற சொல்லே, மன்னிக்க ஏதோ இருந்தது என்று சொல்கிறதல்லவா? ஐரிஸ் அதனால் நிறைவடையவில்லை. வழக்கு மீண்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்ல வேண்டும் என்று முயன்றார். அந்நாளைக் காணாமல் 1997இல் காலமானார்.

1998 ஜூலை 30ஆம் நாள், தலைமை நீதிபதி பிங்கம் பிரபு தலைமையில் மூன்று நீதிபதிகள் அத்தீர்ப்பை நீக்கினர். காடர்ட் பிரபு ஜூரிகளுக்குக் கூறிய தொகுப்புரை நேர்மையான விசாரணையைக் குற்றவாளிக்கு அளிக்கவில்லை, குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு எவருடையது என்பதையும் முறையாக விளக்கவில்லை என்பது அவர்கள் கண்ட குறை. இங்கேயும் ஒரு மரபுச்சொல் காத்திருக்கிறது. செய்தித்தாள்கள் அத்தீர்ப்பை ‘அன்ஸேஃப்’ என்று நீக்கியதாக எழுதின. அகராதியைப் புரட்டுபவர் ‘பாதுகாப்பற்ற’ என்று கண்டு, தீர்ப்புக்கு என்ன ஆபத்து என்று விழிப்பார். நம்பி நிற்கத் தகாதது என்பது அதன் பொருள். ஏறினால் மேற்கூரை தாங்காது என்பதுபோல, அத்தீர்ப்பு ஒரு மனிதனின் குற்றத்தைத் தாங்க வலுவற்றது என்பது கருத்து. அவன் குற்றம் செய்யவில்லை என்று அச்சொல் கூறவில்லை. செய்தான் என்று சொல்ல இடமில்லை என்றே கூறுகிறது.

ஐந்து சொற்களும் அந்தக் கூரையில் ஒலித்தனவா என்பதற்கு அத்தீர்ப்பிலும் முடிவான விடை இல்லை. கேட்டோம் என்று சாட்சி சொன்ன போலீஸார் அதை மாற்றிச் சொன்னதாகச் செய்தி இல்லை. 1998இல் அறுபது வயதைக் கடந்துவிட்டிருந்த கிரெய்க்கை இனி ‘அவர்’ என்றே குறிக்க வேண்டும். பென்ட்லி அப்படிச் சொல்லவே இல்லை என்று 1952இல் சொன்னதையே அவர் பின்னாளிலும் சொல்லிவந்தார்.